உன் வீட்டு வாசலில் நான் வாங்கிய எலுமிச்சம்பழங்கள்

அம்மணி,

ஞாயிற்றுக்கிழமை நீ அடுத்த வீட்டுப் போனில் கூப்பிட்டு, "ஒண்ணாந்தேதிக்கு வாரீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன். கேள்வி சின்னதுதான். வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் போன ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் உன் வீட்டு வாசலில் நான் செய்துவைத்த காரியம் அப்படியே கிடக்கிறது. இன்னொரு ஒன்றாம் தேதிக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சத்தியமங்கலம் பஸ் ஏறுவது என்று எனக்குத் தெரியவில்லை. வருவேனா மாட்டேனா என்பதைக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு ஒருநாளும் முழு மார்க் போட்டதில்லை.

இதைப் படித்து மடித்துப் பீரோவில் வைத்துவிடாதே. உன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் உட்காரும் அறையில் சுற்றறிக்கை குத்தும் பலகை இருக்கிறது அல்லவா, அதில் இதையும் குத்தி வை. உன்னுடைய தப்பு என்று அவர்கள் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருப்பது என்னுடைய தப்பு. அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். உன் வாயால் நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி ஊருக்கெல்லாம் விடுமுறை. கோவிலுக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் மருதமலை அடிவாரத்தில் நிற்பார்கள், பிள்ளைகள் வாசலில் கலர்ப்பொடியில் ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதுவார்கள், பேக்கரிகளில் கேக் வாங்கக் கூட்டம் நெரியும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த நாள் எனக்கு விடுமுறையாக இருந்ததே இல்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு எங்கள் பள்ளித் தாளாளர் வீட்டு முற்றத்தில் நின்றாக வேண்டும். சட்டத்தில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வராதவர் யார் என்பதை வந்தவர்கள் எல்லோரும் கவனிப்பார்கள். வணக்கம் சொல்லிப் பழத்தை நீட்ட வேண்டும், அவர் வாங்கிக் கூடையில் போடுவார், அவ்வளவுதான். அலுவலகங்களிலும் இதே வழக்கம்தான். சின்ன அதிகாரி பெரிய அதிகாரி வீட்டுக்குப் போவார், பெரிய அதிகாரி அவரைவிடப் பெரியவர் வீட்டுக்குப் போவார். அன்றைக்குக் கோயமுத்தூர்ச் சந்தையில் எலுமிச்சைக்கு இருக்கிற மதிப்பு வேறு எந்த நாளிலும் இருக்காது.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு வருஷம் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். புதுப் பாவாடை கட்டியிருந்தாய். தாளாளர் எங்களை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். வரிசையில் என் முறை வந்ததும் குனிந்து பழத்தை நீட்டினேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் கூடையில் போட்டார். அப்போது நீ, முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்கப்பா, இத்தனையும் ஊறுகா போடறதுக்குங்களா?" என்று கேட்டாய். பின்னால் நின்ற ஆசிரியர்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். தாளாளர் பேப்பரைக் கீழே இறக்கி உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள நல்லாப் பேசுதே வாத்தியாரே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. நம் ஊர் துடியலூர் வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. வீட்டுப் பக்கம் திரும்புகிற முக்கில் உன் காதைப் பிடித்துத் திருகினேன். நீ அழவில்லை. "கேட்டது தப்புங்களா, சத்தமாக் கேட்டது தப்புங்களா?" என்றாய். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. சத்தமாகக் கேட்டதுதான் என்று இப்போது சொல்கிறேன். அதுவும் தப்பில்லை.

நீ வளர்ந்தாய், படித்தாய், என்னைப் போலவே ஆசிரியை ஆனாய். போன வருஷம் ஜூன் மாதம் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தாய். அந்தச் செய்தி வந்த அன்று உன் அம்மா கேசரி கிண்டினாள். நான் மனதுக்குள் வேறு ஒன்று கிண்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இனி ஒன்றாம் தேதி எலுமிச்சம்பழம் நம் வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன். உன் தாத்தா அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர். அவருக்குச் சேர வேண்டியதைக்கூடக் களத்தின் ஓரத்தில் நின்றுதான் வாங்கினார். நான் படித்து வாத்தியார் ஆகியும் முற்றத்தில்தான் நின்றேன். எங்கள் வாசலுக்கு யாரும் கையில் எதையாவது வைத்துக்கொண்டு வந்து வணக்கம் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், ஒருவேளை எல்லாமே அங்கேயே முடிந்திருக்கும்.

நீயோ டிசம்பர் மாதமே ஆசிரியர் கூட்டத்தில், புத்தாண்டுக்கு யாரும் என் வீட்டுக்குப் பழம் கொண்டு வரக் கூடாது, நான் வந்து உங்களைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாய். முப்பத்தொன்றாம் தேதி நானும் உன் அம்மாவும் வந்து இறங்கியபோது மேசைமேல் பத்துக் கேக் பெட்டிகள் இருந்தன. எட்டு ஆசிரியர்களுக்கு எட்டு, சத்துணவு சமைக்கிற அம்மாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ரங்கம்மாவுக்கு ஒன்று. மறுநாள் காலையில் அம்மாவை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாய். என்னையும் ஆட்டோவில் வரச் சொன்னாய். முட்டி வலிக்கிறது என்று சொன்னேன். நான் உன் கூடத்திலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போடுவதை உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, அவ யாரும் வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாள்ல, நீங்க எதுக்குங்க சேரை இழுத்துப் போடறீங்க?"

"வெயில் காயலாம்னு."

"ஆறு சேர்லயுங்களா?"

நான் அடுத்த நாற்காலியைத் தூக்கப் போனேன். முட்டி வலிக்கிறவர் நாற்காலி தூக்குகிற அழகைப் பார் என்று உன்னிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே அவள் வண்டியில் ஏறினாள். நீ அதைக் காதில் வாங்கவில்லை, வண்டியைக் கிளப்புவதில் கவனமாக இருந்தாய்.

வரக் கூடாது என்று சொன்னாலும் அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்த முற்றத்தில் நின்றவன். வர வேண்டாம் என்று மேலே இருப்பவர் சொன்னால், சும்மா சொல்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நீ சுற்றுவழியில் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஏழு ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக உன் வீட்டுக்கு வந்தார்கள். மேடம் இல்லை, உங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள், சீக்கிரம் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்றேன். பழத்தை வாங்கினேன். காபி கலந்து கொடுத்தேன். ஒருவர் ரோஜா மாலையோடு வந்திருந்தார். உன் கழுத்துக்கு வாங்கியதை எங்கே வைப்பது என்று அவர் தயங்கியபோது, அம்மணி, நான் என் கழுத்தை நீட்டிவிட்டேன். மாலையோடு உட்கார்ந்து மற்றவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து பின்னங்களை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று விளக்கினேன். அவர்களும் பணிவாகக் கேட்டார்கள். அந்த அரைமணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

அவர்கள் போன பிறகு ரங்கம்மா வந்தார். எனக்கு அவர் யாரென்று தெரியும், அதற்கு முன்பே ஒருமுறை உன் பள்ளியில் பார்த்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று, "பெரிய டீச்சர் இல்லீங்களா?" என்று கேட்டார். கையில் சேலைத் தலைப்பில் முடிந்த ஓர் எலுமிச்சம்பழம். தாழ்வாரத்தில் ஆறு நாற்காலியும் காலியாக இருந்தன. நான் எழுந்துபோய்க் கேட்டின் மேலாகக் கையை நீட்டிப் பழத்தை வாங்கிக்கொண்டு, "சரி, வந்தாச் சொல்றேன், போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கேட்டின் கொக்கியைக்கூட எடுக்கவில்லை. இது நான் யோசித்துச் செய்ததில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யோசிக்காமல் கை எப்படி நீள்கிறது, வாய் எப்படிப் பேசுகிறது பார். என்னை நிற்க வைத்த மனிதர் செய்ததை வருஷக்கணக்காக எதிரே நின்று பார்த்து, அப்படியே பாடம் பண்ணியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் பதினொரு மணிக்குத் திரும்பினீர்கள். ஆசிரியர்கள் பலர் வெளியே போயிருந்தார்கள், பெட்டியை வீட்டாரிடம் கொடுத்தோம், ரங்கம்மா வீடு மட்டும் பூட்டியிருந்தது, வாய்க்கால் வழியாகப் போனதால் எதிரிலும் பார்க்கவில்லை என்றாய். அப்புறம் தாழ்வாரத்துக் கூடையைப் பார்த்தாய், என் கழுத்தைப் பார்த்தாய். நான் வந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ரங்கம்மாவைச் சொன்னேன். "அவங்களை எங்கப்பா உக்கார வெச்சீங்க?" என்று கேட்டாய். நான் கேட்டைப் பார்த்தேன். உனக்குப் புரிந்துவிட்டது. கோபித்திருக்கலாம். எட்டு வயதில் உன் காதைத் திருகியதற்கும் சேர்த்துப் பேசியிருக்கலாம். "சரிங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கழற்றிய செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு, மீதியிருந்த கேக் பெட்டியோடு போய்விட்டாய். இரண்டரை மணிக்கு வந்தாய். அம்மா சோறு போட்டபோது பசியில்லை என்றாய். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சாப்பிடவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்தப் பழக் கூடையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாய். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மத்தியானம் நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரிந்தது ஆகஸ்ட் மாதத்தில். காந்திபுரம் பஸ் நிலையத்தில் உன் பள்ளித் தையல் டீச்சர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வணக்கம் சொன்னார். பேச்சுவாக்கில், "பெரிய டீச்சர் மேல எங்களுக்கு அப்ப கொஞ்சம் வருத்தந்தானுங்க சார்" என்றார்.

"என்ன வருத்தமுங்க?"

"வர வேண்டாம்னு மீட்டிங்ல சொல்லிப்போட்டு, உங்களை உக்கார வெச்சு வாங்கிக்கிட்டாங்கன்னுங்க. ஆனா ரெண்டாந்தேதி அவங்களே சொல்லிட்டாங்க. எங்கூட்ல வாங்குனது என் தப்பு, நீங்க எல்லாம் மன்னிச்சுக்கோணும்னாங்க. அந்தப் பழத்தோட இன்னுங் கொஞ்சம் வாங்கிச் சேத்துச் சத்துணவுக்குக் கொடுத்து எலுமிச்சஞ்சோறு பண்ணச் சொல்லிட்டாங்க. புள்ளைங்க தட்டை வழிச்சுத் தின்னுச்சுங்க."

"அப்பா வாங்கிட்டாருன்னு அவ சொல்லலீங்களா?"

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்."

துடியலூர் வழியாகப் போகிற பஸ் இரண்டு போய்விட்டது. நான் ஏறவில்லை. வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டு போகும்போது நடுவில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால், நான் சத்தமில்லாமல் முழங்கையால் துடைத்துவிட்டு, "கவனிக்கறீங்களான்னு பாத்தேன்" என்பேன். பிள்ளைகள் நம்பினார்களோ இல்லையோ, வாத்தியார் தப்புச் செய்யமாட்டார் என்பது காப்பாற்றப்பட்டது. நீ உன் கை எழுதாத தப்பைக்கூட உன்னுடையது என்று எட்டுப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறாய். அதுவும் பதவிக்கு வந்து ஆறு மாதத்தில், உன்னை எடைபோட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால். அவர்கள் உன் பேச்சை இனி நம்பாமல் போயிருந்தால் அந்தப் பள்ளியை உன்னால் நடத்த முடிந்திருக்காது. அது உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் உன்னைப் பெற்றவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு என்று எல்லா அப்பாக்களும் எழுதுவார்கள். நான் எழுத நினைப்பது அதுவல்ல. நான் உன் பள்ளியில் உனக்குக் கீழே ஓர் ஆசிரியராக வேலை பார்த்திருந்தால், என் சர்வீஸில் ஒரு ஒன்றாம் தேதியாவது எனக்கு நிஜமாக விடுமுறையாக இருந்திருக்கும்.

ஒன்றே ஒன்று சொல்ல இடம் கொடு. உன் ஆசிரியர்களும் கேட்டுக்கொள்ளட்டும். பழத்தோடு வந்த அந்த ஏழு பேரையும் ஜால்ரா என்று நினைத்துவிடாதே. பயந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பயம்: மாறுதல், லீவு, பிள்ளையின் சீட்டு. அந்தப் பயம் ஒரே வருஷத்தில் போகாது. இந்த வருஷமும் யாராவது வந்து நின்றால், முகம் சுளிக்காமல் உள்ளே கூட்டி உட்கார வைத்துக் காபி கொடு, பழத்தை அவர் பையிலேயே போட்டு அனுப்பு. அடுத்த வருஷம் வரமாட்டார். ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெரிய டீச்சர் சொன்னது நிஜம். நடுவில் வந்து கெடுத்தவன் நான்.

இனி விடைக்கு வருகிறேன். புதன்கிழமை உனக்குத் தெரியாமல் நான் சத்தியமங்கலத்துக்கு வந்து போனேன். அரையாண்டுப் பரீட்சை நேரம், நீ பள்ளியை விட்டு அசையமாட்டாய் என்று தெரியும். காலை வேலை முடிந்து ரங்கம்மா பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று உன் அம்மா விசாரித்து வைத்திருந்தாள். "ஒரு வருசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறதுக்கு, ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க" என்று பஸ் ஏற்றிவிட்டவளும் அவள்தான். நான் போனபோது ரங்கம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"பெரிய டீச்சரோட அப்பாங்க."

"அட, சாருங்களா. வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டார். நின்றுகொண்டேதான் பேசினேன். "போன ஒண்ணாந்தேதி உங்களைக் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சே அனுப்பிப்போட்டனுங்க. போன்னு வேற சொன்னேன். அது தப்புங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இதுக்குங்களா அத்தனை தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் மொச்சையைக் கீழே வைத்தார். "எனக்கு மருவாதி அது இதுன்னெல்லாம் ஒண்ணும் தோணலீங்க சார். அன்னைக்கு பஸ்ஸெல்லாம் பண்ணாரிக் கோயில் கூட்டத்தை ஏத்திட்டு எங்க ஸ்டாப்புல நிக்கவே இல்லீங்க. ரெண்டு மைல் நடந்து வந்தனுங்களா, முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிச்சுது. செத்த நேரம் உக்காந்துட்டுப் போனாத் தேவலைன்னு இருந்துது. சேரு காலியாத்தான் இருந்துது. பாத்தேன்."

அவர் மறுபடி மொச்சையைக் கையில் எடுத்தார். "மறந்துபோட்டேன்னு பொய் சொல்லமாட்டேனுங்க" என்றார். "ஆனா உங்க புள்ள அன்னைக்கே மத்தியானம் கேக்கைத் தூக்கிட்டு வந்துது. பசிக்குதுங்கம்மா, சோறு இருக்குதாங்கன்னு கேட்டு, இருந்ததை வாங்கித் தின்னுட்டு, ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டு இருந்துட்டுத்தான் போச்சு. நீங்களும் இந்த ஒண்ணாந்தேதி வந்து எங்கூட்ல சாப்பிடுங்க. அப்ப வேண்ணா மறக்கறேன்."

நீ அன்று பசியில்லை என்று சொன்னதன் காரணம் எனக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

ஆகவே வருகிறேன், அம்மணி. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானப் பஸ்ஸுக்கு உன் அம்மாவும் நானும் வருகிறோம். மறுநாள் காலையில் வழக்கம்போல நீயும் அவளும் கேக் பெட்டிகளோடு மொபெட்டில் கிளம்புங்கள். ரங்கம்மா வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மெயின் ரோட்டு வழியாக நடந்தே அங்கே வந்து சேர்ந்துவிடுவேன். நான் புதன்கிழமை வந்துபோனதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன், அதனால் இந்தக் கடிதம் வரும்வரை உனக்குத் தெரிந்திருக்காது. எத்தனை பேர் வரலாம் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்றார். மொச்சைக் குழம்பு வைக்கிறாராம். அன்று மத்தியானம் உன் வீட்டில் உலை வைக்க வேண்டாம்.

உன் அப்பா